மீன் குஞ்சுக்கு முதல் வாரம் என்ன போடுவது?

ஆடி பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. பென்னாகரம், காரிமங்கலம், மத்தூர், ஊத்தங்கரை என்று எங்கெல்லாம் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார்களோ அங்கிருந்தெல்லாம் குஞ்சு கேட்டுக் கூப்பிடுவார்கள். விலை பேசி முடிந்ததும் வருகிற அடுத்த கேள்வி, "அக்கா, நீங்க எந்தக் கம்பெனி தீனி போடறீங்க?" இப்போது சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். விரல் நீளம் வளர்ந்த விரலி வேண்டாம், பொரிந்து சில நாளே ஆன நுண்குஞ்சாகவே லட்சக் கணக்கில் வாங்கி நாங்களே வளர்த்துக்கொள்கிறோம், அதுதானே மலிவு என்கிறார்கள். மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லட்சத்தில் எத்தனை விரலியாக வெளியே வரும் என்பது முதல் வாரத்துத் தீனியில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் ஒரே முறையாக எழுதிவிடுகிறேன்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். சிமெண்ட் தொட்டிகளும் மண் நாற்றங்கால் குளங்களும் வைத்துக் கட்லா, ரோகு, மிருகால் என்ற கெண்டை வகைக் குஞ்சுகள் வளர்த்து விற்கிறேன். கொஞ்சம் விராலும் உண்டு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை எங்களுக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை அணைக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் கடையில் துண்டு மீனைப் பார்த்துப் பேரம் பேசுவார்கள். நான் பேரம் பேசுவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத சரக்குக்கு.

சரி, கேள்விக்கு வருகிறேன். முதல் வாரத்துக்கு நான் எந்தக் கம்பெனி தீனியையும் நம்புவதில்லை. அந்த வாரத்துத் தீனியைக் கடையில் வாங்குவதைவிட வளர்த்தெடுப்பதுதான் நடக்கிற காரியம்.

ஏன் என்று கேட்டால் குஞ்சைப் பார்க்க வேண்டும். கெண்டை முட்டை நம் ஊர்த் தண்ணீர்ச் சூட்டில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது. வயிற்றடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பைதான் மூன்று நாளைக்குச் சாப்பாடு. அது கரைந்து தீரும் நேரத்தில் வாய் திறக்கும். அப்போது குஞ்சு மொத்தமே 5, 6 மில்லிமீட்டர்தான். வாய் கால் மில்லிமீட்டர் போல இருக்கும். அதற்குள் நுழைகிற பொருள் எதுவோ அதைத்தான் தின்ன முடியும். அதிலும் அந்தப் பொருள் கண்ணெதிரே அசைய வேண்டும். அசையாத துகள் பக்கத்தில் மிதந்தாலும் பல குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்காது. கரு தீர்ந்த பிறகு தீனி கிடைக்காமல் சில நாள் கிடந்தால் அப்புறம் நீங்கள் அமிர்தமே கொட்டினாலும் பயனில்லை. உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும், ஆனால் தின்னும் சக்தி போயிருக்கும். ஆறாம் நாள் வரை நல்லாதான்க்கா இருந்துச்சு, ஏழாம் நாள் அடியோடு போச்சு என்று சொல்கிறவர்கள் குளத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுவார்கள்.

அடுத்தது வயிறு. கெண்டை இனத்துக்கு வயிறே கிடையாது. குஞ்சுக்கு மட்டும் இல்லை, பத்துக் கிலோ கட்லாவுக்கும் கிடையாது. தொண்டை முடிந்ததும் குடல்தான். புரதத்தை உடைக்கிற அமிலமும் இல்லை, அதோடு சேர்ந்து வேலை செய்கிற பெப்சினும் இல்லை. பெரிய மீன் நீளமான குடலை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். மூன்று நாள் குஞ்சுக்குக் குடல் ஒரு நேர்க்கோடு. செரிமானச் சுரப்புகள் அப்போதுதான் தலையெடுக்கும். அதற்கு நாம் காய்ந்த புரதத் தூளைக் கொடுப்பது பிறந்த பிள்ளைக்குக் களி உருண்டை ஊட்டுகிற கதை. உயிருள்ள நுண்ணுயிரில் பெரும்பகுதி தண்ணீர். அதில் இருக்கும் புரதத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே உடைந்த அமினோ அமிலமாகவே இருக்கும். குஞ்சு விழுங்கினால் போதும், அரைக்கிற வேலை குறைவு.

தூள் தீனிக்கு இன்னொரு குறையும் உண்டு. துகள் சின்னதாக ஆக ஆகத் தண்ணீர் படுகிற பரப்பு கூடும். தண்ணீரில் கரைகிற வைட்டமினும் அமினோ அமிலமும் சில நிமிஷத்தில் வெளியே போய்விடும். குஞ்சு கண்டுபிடித்து வாயில் போடும்போது சக்கைதான் மிச்சம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதற்காகத்தான் துகள் மேல் உறை பூசுவது, ஜெலட்டின், ஆல்ஜினேட் போன்ற பசையில் பிடித்துவைப்பது என்று பாடுபடுகிறார்கள். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. உறை இறுகினால் சத்து தண்ணீரில் கரையாது, ஆனால் வயிறில்லாத குஞ்சின் குடலிலும் கரையாது.

ஜிலேபி மீன் வளர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, நாங்கள் முதல் நாளிலிருந்தே தூள்தானே போடுகிறோம் என்பார்கள். உண்மைதான். ஜிலேபி முட்டை பெரிது, கருப் பையும் பெரிது. தாய் வாயில் வைத்துக் காக்கிற காலத்திலேயே குஞ்சு பாதி தேறிவிடும். நீந்த வரும்போது தூள் தின்கிற அளவுக்கு வாயும் குடலும் வந்திருக்கும். அந்தக் கணக்கைக் கட்லாவிடம் காட்டக் கூடாது.

1957க்கு முன்னால் நம் நாட்டில் கெண்டை நுண்குஞ்சு என்றால் பெரும்பாலும் ஆற்றில் வெள்ளம் வரும்போது வலை கட்டிப் பிடிப்பதுதான். அந்த வருஷம் ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்சியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அதனால்தான் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். அதிலிருந்து நுண்குஞ்சுக்குப் பஞ்சமில்லை. பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன் அடைத்து லட்சக் கணக்கில் வந்து இறங்குகிறது. இறங்கிய பிறகு அதற்கு என்ன சோறு என்பதுதான் இன்றைக்கும் பாடாய்ப் படுத்துகிற விஷயம்.

மண் குளத்தில் வளர்க்கிறவர்களுக்கு என் பதில் ஒரு வரிதான்: குஞ்சுக்கு முன்னால் தண்ணீருக்குத் தீனி போடுங்கள். நம் ஊர்க் கணக்கில், ஐந்து சென்ட் நாற்றங்கால் குளம், ஒரு மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். குஞ்சு வருவதற்கு மூன்று வாரம் முன்பே ஐம்பது கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. இது கிடக்கிற குறவை, கெளுத்தி, ஜிலேபி எல்லாவற்றையும் காலி செய்யும். நஞ்சு முறிந்த பிறகு அதுவே உரமாகிவிடும். அப்புறம் கடலைப் புண்ணாக்கு 15 கிலோ, சாணம் 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ. மூன்றையும் ஊறவைத்துக் குழைத்துப் பாதியைக் குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கரைத்து ஊற்ற வேண்டும். மீதியைப் பிறகு தண்ணீர் நிறத்தைப் பார்த்துப் பிரித்துப் போடலாம். இந்த அளவு மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ஹெக்டேருக்குச் சொல்கிற கணக்குதான். நான் சென்ட்டுக்கு மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று நாளில் தண்ணீர் லேசான பச்சை கலந்த பழுப்புக்கு வரும். முதலில் வருவது ரோட்டிபர் என்ற பொடிப் பிராணி. அதுதான் நமக்கு வேண்டியது, குஞ்சின் வாய்க்குச் சரியான அளவு. அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய தண்ணீர்த் தெள்ளுகளான மொய்னா, டாப்னியா வரும். குஞ்சும் அதற்குள் வளர்ந்து அவற்றைத் தின்னத் தயாராகியிருக்கும். இந்த வரிசை தப்பினால் சிரமம். ரொம்ப நாள் முன்னாலேயே உரம் போட்டுவிட்டால் குஞ்சு வரும்போது ரோட்டிபர் முடிந்து சைக்ளோப்ஸ் என்ற இன்னொரு பொடிப் பிராணி ஆட்சிக்கு வந்திருக்கும். அது தீனியாக இருப்பதற்குப் பதிலாக, இளசாக இருக்கும் குஞ்சையே கடித்துக் குதறும்.

நீர்ப்பூச்சியையும் சொல்லியாக வேண்டும். மல்லாக்க நீந்துகிற பூச்சி, தும்பியின் இளம்பூச்சி எல்லாம் உரம் போட்ட குளத்தைத் தேடி வந்துவிடும். குஞ்சு விடுவதற்கு முந்தின நாள், காற்றில்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான மலிவு எண்ணெயில் சுமார் 350 கிராம் துணி சோப்பைக் கரைத்து ஐந்து சென்ட் மேல் தெளித்தால், மூச்சு வாங்க மேலே வருகிற பூச்சிகள் மூச்சடைத்துச் சாகும். இதைச் செய்யச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரித்தவர்கள் குளத்தில் பூச்சி கொழுத்திருக்கும்.

தண்ணீர் தயாரா என்று பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டாம். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் குளத்தின் பல இடத்திலிருந்து மொண்டு, இந்தப் பொடிப் பிராணிகளைப் பிடிக்கிற மெல்லிய பிளாங்டன் வலையில் ஊற்றி வடிகட்டுங்கள். நுனியில் இருக்கிற குழாயில் ஒன்றிலிருந்து இரண்டு மில்லி வரை படிந்தால் குஞ்சு விடலாம். அந்தப் படிவை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பச்சையாகக் கலங்கிச் சும்மா நின்றால் பாசி மட்டும்தான் இருக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் தாமாக நகர்ந்தால் தீனி இருக்கிறது. இப்படித் தயாரான ஐந்து சென்ட்டுக்கு அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் நுண்குஞ்சு தாங்கும். அதில் பாதி விரலளவு நோக்கிப் போனாலே நல்ல வளர்ப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்கும் என்று யாராவது சொன்னால் குஞ்சு விற்கிறவராக இருப்பார்.

குஞ்சு விட்ட பிறகு கடலைப் புண்ணாக்குத் தூளும் அரிசித் தவிடும் சம அளவு கலந்து, ஒரு லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 600 கிராம், அதன் பிறகு தினம் 1.2 கிலோ, காலை மாலை இரண்டு பங்காகத் தூவச் சொல்வார்கள். நானும் போடுகிறேன். ஆனால் முதல் சில நாள் அந்தத் தூளைக் குஞ்சு தின்கிறது என்று நினைத்துப் போடுவதில்லை. அதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கும் ரோட்டிபருக்கும் போய், அவற்றின் வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. தூளைக் கூட்டினால் குஞ்சு சீக்கிரம் பெருக்கும் என்ற கணக்கு இதனால்தான் பலிக்காது. கூட்டினால் தண்ணீர்தான் கெடும்.

புண்ணாக்கு வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் பூத்திருந்தாலோ, காரல் வாடை அடித்தாலோ மாட்டுக்கும் வேண்டாம், மீனுக்கும் வேண்டாம். நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும், அது ஈரலைத் தின்றுவிடும். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் அதிகம் என்பதால் தொட்டியில் மேலே படலம் கட்டும். குளத்துக்குப் பரவாயில்லை, தொட்டிக்கு ஆகாது.

தொட்டியில் வளர்ப்பது வேறு உலகம். அங்கே இயற்கை எதையும் கொடுக்காது, எல்லாம் நாமே செய்ய வேண்டும். முதலில் தண்ணீர். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமும் கூடியது. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறுவதிலேயே தெரியும். மேலே வரும்போது ஆக்சிஜனும் இருக்காது. ஒரு நாள் காற்றுக் குழாய் போட்டு வைக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஃப்ளோரைடு பிரச்சினைக்காக வந்த திட்டம், மனிதர்களுக்கு வரப்பிரசாதம். மீன் தொட்டிக்கு அதை அப்படியே பிடித்துவிட்டால் குளோரின் மொய்னாவை முதலில் கொல்லும். திறந்த டிரம்மில் ஒரு நாள் நிற்கவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

மொய்னாதான் என் தொழிலின் முதுகெலும்பு என்று சொல்வேன். ஆயிரம் லிட்டர் தொட்டியில் பாசி கலந்த பச்சைத் தண்ணீர், 100 கிராம் கடலைப் புண்ணாக்கை இரவு ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிய சாறு, கொஞ்சம் சாணக் கரைசல், சிட்டிகை ஈஸ்ட். பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மொய்னா எடுத்து விட்டால் ஒரு வாரத்துக்குள் தொட்டி நிறைந்துவிடும். ஆண் இல்லாமலே பெண் குட்டி போடுகிற பிராணி இது. சூடு 24க்கும் 31 டிகிரிக்கும் இடையில் இருந்தால் நான்கைந்து நாளில் குட்டியே தாயாகிவிடும். அதே வேகத்தில் ஒரே இரவில் மொத்தமும் செத்தும் போகும். அதனால் ஒரு தொட்டியை நம்பியிருக்கக் கூடாது. நாள் தள்ளித் தள்ளித் தொடங்கிய சில தொட்டிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தொட்டி எப்படி இருக்கிறது என்று மொய்னாவின் நிறமே சொல்லும். நன்றாக இருக்கும்போது வெளிறிய சாம்பல் நிறம். செங்கல் தூள் தூவியது போலச் சிவந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது, அதைச் சமாளிக்க ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பார்க்க அழகாக இருக்கும், படம் எடுத்துப் போடுகிறவர்கள்கூட உண்டு. நான் சிவப்பைப் பார்த்தால் அன்றைக்கே பெரும்பகுதியை அள்ளிவிடுவேன்.

அள்ளுவது விடியலுக்கு முன். தொட்டி ஓரத்தில் டார்ச்சை வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் வெளிச்சத்தில் திரண்டு நிற்கும். மொண்டு முதலில் டீ வடிகட்டியில் விடுவேன், பெரிசெல்லாம் அதில் நின்றுவிடும். கீழே ஒழுகுகிறதைப் பழைய வாயில் புடவைத் துணியில் பிடித்தால் அன்று பிறந்த பொடிசு கிடைக்கும். பிறந்த மொய்னா 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு, வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர் வரை போகும். பொடிசு இளங்குஞ்சுக்கு, பெரிசு ஒரு வாரம் தாண்டிய குஞ்சுக்கும் விராலுக்கும். மொய்னா நன்னீர் உயிர் என்பதால் குஞ்சு தின்னாமல் விட்டாலும் தொட்டியில் உயிரோடு இருக்கும், தண்ணீர் கெடாது. இந்த ஒரு குணத்துக்காகவே மற்ற எல்லாத் தீனிக்கும் மேலே இதை வைப்பேன்.

ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல தீனிதான். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இருக்கிற பிராணி. காய்ந்த முட்டையை லிட்டருக்கு 25, 30 கிராம் கல்லுப்பு போட்ட தண்ணீரில் வெளிச்சமும் காற்றும் கொடுத்து வைத்தால் 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறக் குஞ்சு பொரியும். ஆனால் டப்பா விலை எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. போன பருவத்தில் ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினேன். உப்பு, சூடு, காற்று எல்லாம் சரியாக வைத்தும் முக்கால்வாசி பொரியவே இல்லை. விற்றவரைக் கேட்டால் உங்க தண்ணி சரியில்லை மேடம் என்று முடித்துக்கொண்டார். பழைய முட்டை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இன்னொன்று, ஆர்ட்டீமியா உப்புத் தண்ணீர் ஆள். நம் தொட்டியில் சில மணி நேரத்தில் செத்து அடியில் படியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை கொடுக்க வேண்டும், பொரியாத முட்டையோட்டையும் பிரித்தெடுக்க வேண்டும். அதனால் நான் இதை மொய்னாத் தொட்டி படுத்துவிட்ட நாளைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு நன்மை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆர்ட்டீமியா கொடுத்த அரை மணியில் குஞ்சை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உடம்பு கண்ணாடி போல இருக்கும், கண் இரண்டும் கறுப்புப் புள்ளி. தின்ற குஞ்சுக்குக் குடல் முழுக்க ஆரஞ்சுக் கோடு ஓடும். தின்னாததற்கு வெறும் கண்ணாடிதான். எந்தத் தீனி கொடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், நிறம்தான் மாறும். தொட்டியில் எவ்வளவு கொட்டினோம் என்பது கணக்கே இல்லை. கிண்ணத்தில் எத்தனை குடல் நிறைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

அவித்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடுவது பழைய வழி. சும்மா சொல்லக் கூடாது, மஞ்சள் கருவில் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகை நிறைய உண்டு. குஞ்சால் அதைத் தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது, தீனியில் வர வேண்டும். ஆனால் தின்றது போக மிச்சம் அரை நாளில் அழுகித் தண்ணீர் நாறும். எங்கள் தண்ணீர் காரத்தன்மை கூடியது, அதில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் வீரியமாக ஏறும். எனவே கொடுத்தால் ஒரு பொழுது, அதுவும் வேறு வழி இல்லாதபோது. பால் பவுடர் போடச் சொல்லும் வீடியோக்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

எட்டாம் நாள் வாக்கில் காய்ந்த தீனிக்குப் பழக்கத் தொடங்குவேன். இதை நானே செய்கிறேன். தருமபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் நூல் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நூல் எடுத்த பிறகு மிஞ்சுகிற கூட்டுப்புழுவில் காய்ந்த எடைக்குப் பாதியளவு புரதம், கால் பங்குக்கு மேல் கொழுப்பு. இவ்வளவு நல்ல சரக்கு நம் காலடியில் கிடக்கும்போது எங்கிருந்தோ மீன் தூள் வரவழைப்பானேன்? பதில் வாடையில் இருக்கிறது. அவித்த புழுவை வெயிலில் காயப்போட்ட அன்று எங்கள் அத்தை தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பக்கத்துத் தோட்டத்து மாமா வேலி ஓரம் வந்து, "ஏம்மா, ஏதாச்சும் செத்துக் கிடக்குதா?" என்று விசாரித்தார். எண்ணெய் எடுத்துத் தரச் சொல்லிச் செக்குக்காரரிடம் கேட்டேன். இதை ஆட்டிவிட்டால் அப்புறம் எவன் என்கிட்டே கடலை எண்ணெய் வாங்குவான் என்றார். நியாயம்தான். அதனால் எண்ணெயோடேயே சேர்க்கிறேன், ஐந்தில் ஒரு பங்கு மட்டும். அந்தக் கொழுப்பு சீக்கிரம் சிக்கெடுத்துவிடும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

ஒரு கிலோவுக்கு என் அளவு: கூட்டுப்புழு மாவு 200 கிராம், உப்புப் போடாத கருவாட்டுத் தூள் 250, வறுத்த சோயா மாவு 250, கடலைப் புண்ணாக்கு 150, மைதா 100, சோயா லெசித்தின் 20, இரண்டு முட்டை. பிசிறிப் புட்டுப் பதத்துக்கு வந்ததும் இட்லிப் பானையில் ஆவி காட்டி, ஆறிய பிறகு 20 கிராம் வைட்டமின், தாதுக் கலவை சேர்த்து நிழலில் காயவைப்பேன். சூட்டிலேயே வைட்டமினைப் போட்டால் காசு ஆவியாகப் போகும். காய்ந்ததை மிக்சியில் ஓட்டிச் சலிப்பேன். மைதாவும் முட்டையும்தான் பிடிப்பு, தண்ணீரில் உடனே கரையாமல் காக்கும். புரதம் நாற்பது சதவீதத்துக்கு மேலே நிற்கும். அந்த வயதுக் குஞ்சுக்கு அது வேண்டும்.

பழக்குவதில் ஒரே தந்திரம் பசி. காலையில் மொய்னாவுக்கு முன்னால் தூள். கால் மணி கழித்து மொய்னா. நாளுக்கு நாள் மொய்னா குறைய, தூள் கூட. அடியில் சேர்கிற மிச்சத்தை மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்ய அலுப்பாக இருந்தால் தொட்டி வளர்ப்பே வேண்டாம், குளத்துக்குப் போய்விடுங்கள்.

விரால் இந்தக் கணக்கில் அடங்காது. அதற்கு வயிறு உண்டு, ஆனால் அது உருவாகிச் சுரக்க இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை மொய்னா, மொய்னா, மொய்னா. ஏரியில் தாயும் தகப்பனும் காவல் காக்க, செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலெழும்பி மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் மங்குகிற சமயத்தில்தான் அரைத்த மீன் விழுதில் தூளைக் கலந்து பழக்க வேண்டும். பசித்தால் தம்பியைத் தின்னும் சாதி. வாரம் ஒரு முறை பெரிசு சிறிசு பிரிக்காவிட்டால் கடைசியில் கொழுத்த சில குஞ்சுகள் மட்டும் மிஞ்சும். தீனி செலவு மிச்சம் என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம்.

இன்னும் விவரம் வேண்டுமென்றால் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீடித்த மீன்வளர்ப்பு மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு இது எட்டாத தூரம் இல்லை.

நுண்குஞ்சுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவர்களுக்கு: பணம் கட்டுவதற்கு முன்னால் குட்டைத் தண்ணீரை ஐம்பது லிட்டர் வடிகட்டி, அந்தப் படிவை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு காலை நேரத்தில் வாருங்கள். பார்த்துவிட்டு நுண்குஞ்சா விரலியா என்று சொல்கிறேன். மதியத்துக்கு மேல் வராதீர்கள், பாட்டிலுக்குள் எல்லாம் செத்திருக்கும்.